கோட்டுக்கு அந்தப் பக்கம்

சிங்கப்பூர் ஹார்பர்ஃபிரண்டில் ஃபெர்ரி ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவு. பாதி வழியில் கைப்பேசி தானாகவே ஒரு மணி நேரம் பின்னுக்குப் போய்விடுகிறது. எட்டரைக்குக் கிளம்பியவர்கள் எட்டரைக்கே போய்ச் சேர்கிறார்கள். இரண்டு நாடுகளுக்கு நடுவே எல்லை ஓடுகிறது என்பதற்கு அந்தக் கடலில் எனக்குக் கிடைத்த ஒரே சாட்சி அதுதான். மற்றபடி எங்கு பார்த்தாலும் கப்பல்கள். நங்கூரம் போட்டு வரிசையாக நிற்கும் டேங்கர்கள், தண்ணீரில் கழுத்தளவு அமிழ்ந்து மெதுவாக ஊரும் சரக்குக் கப்பல்கள், பழைய இரும்பு ஏற்றிய பார்ஜைப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் டக் படகுகள்.

பக்கத்து இருக்கைக்காரர் தூத்துக்குடி. பாத்தாம் கப்பல் பட்டறையில் பழுது பார்க்க நிற்கும் ஒரு கப்பலில் செகண்ட் இன்ஜினியராகச் சேரப் போகிறார். இந்த நீரிணையில் திருட்டு மறுபடி கூடிவிட்டதாமே என்று கேட்டேன். சிரித்தார்.

"சினிமால வர்ற மாதிரி இல்ல அண்ணாச்சி. ராத்திரி ரெண்டு மணி, மூணு மணிக்கு வருவான். சின்ன மரப்படகு, விளக்கு இருக்காது. பின்பக்கமா ஒட்டி வந்தான்னா ரேடார்ல சரியாத் தெரியாது. நீளக் கம்புல கொக்கி கட்டி ஏறிருவான். அவனுக்கு வேண்டியது இன்ஜின் ரூம் ஸ்பேர் பார்ட்ஸ். கத்தி வச்சிருப்பான், சில பேரு துப்பாக்கி மாதிரி ஒண்ணும் வச்சிருப்பான். நாம அலாரம் அடிச்சு ஆளைக் கூட்டுறதுக்குள்ள இறங்கிப் போயிருவான்."

"எந்தப் பக்கம் போவான்?"

"எந்தப் பக்கம் போலீஸ் வர முடியாதோ அந்தப் பக்கம்."

அவர் போகிறபோக்கில் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து என நான்கு நாடுகளின் தலைநகரங்களில் ஐம்பது ஆண்டுகளாகப் பேசி வருகிற விஷயத்தின் சாரம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

மலாக்கா நீரிணை அந்தமான் கடலில் அகன்று தொடங்கிச் சிங்கப்பூர் பக்கம் வரவரக் குறுகுகிறது. பிலிப் கால்வாய் என்ற இடத்தில் அதன் அகலம் சுமார் 2.8 கிலோமீட்டர்தான். ஆண்டுக்கு 90,000-க்கும் மேற்பட்ட கப்பல்கள் இந்த வழியில் போகின்றன. வளைகுடாவிலிருந்து சீனா, ஜப்பான், கொரியாவுக்குப் போகும் எண்ணெயில் பெரும்பகுதிக்கு இதுதான் பாதை. வழி குறுகலாக இருப்பதால் கப்பல் வேகத்தைக் குறைக்கிறது. வேகம் குறைந்த இடத்தில் கொக்கிக் கம்புக்கு வேலை வருகிறது.

ஒரு காலத்தில் இந்த நீரின் இரு கரையும் ஜோகூர்-ரியாவ் சுல்தான் ஒருவரின் ஆட்சியில் இருந்தன. நடுவில் எல்லை இல்லை. ஓராங் லாவுட் எனப்படும் கடலோடிகள் சுல்தானுக்காகக் கடலைக் காத்தார்கள்; சுல்தானுக்கு வரி கட்டாத கப்பலைக் கொள்ளையும் அடித்தார்கள். 1824 மார்ச் 17 அன்று லண்டனில் பிரிட்டனும் நெதர்லாந்தும் ஓர் ஒப்பந்தம் போட்டன. வடக்கே இருப்பது ஆங்கிலேயருக்கு, தெற்கே இருக்கும் தீவுகள் டச்சுக்காரருக்கு. மலேசியா, சிங்கப்பூர் ஒரு பக்கமும் இந்தோனேசியா மறுபக்கமும் ஆனதற்கு வேர் அங்கே இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். பிரித்துக் கொடுத்த எல்லையை மிச்சமில்லாமல் கட்டிக் காக்கிற வேலை மட்டும் பிரிக்கப்பட்டவர்கள் தலையில் விழுந்தது.

சட்டமும் கோட்டின் பக்கம்தான். நடுக்கடலில் நடந்தால் கடற்கொள்ளை. எந்த நாட்டுக் கடற்படையும் பிடிக்கலாம். கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் நடந்தால் அது அந்தந்த நாட்டின் உள்ளூர்க் குற்றம். அந்த நாட்டுப் போலீஸ் மட்டுமே பிடிக்கலாம். இந்த நீரிணையின் தென்பாதியில் 12 மைல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதால் யாருக்கும் சொந்தமில்லாத நடுக்கடல் என்று ஒன்று கிடையாது. துரத்திப் போகும் உரிமையும் பக்கத்து நாட்டின் கடல் எல்லையோடு முடிந்துவிடுகிறது. திருடன் கோட்டைத் தாண்டினால் ரோந்துப் படகு நின்றுவிட வேண்டும். வானொலியில் அந்தப் பக்கத்துக்காரருக்குச் சொல்ல வேண்டும். அவர் கிளம்பி வர வேண்டும். அதற்குள் அந்த மரப்படகு ஏதோ ஒரு சதுப்புக் காட்டு ஓடைக்குள் போய் மீன்பிடிப் படகாகிவிடுகிறது.

பாத்தாமில் செக்குப்பாங் துறையிலிருந்து பஞ்சோங் என்ற நீள மரப்படகில் பெலாக்காங் பாடாங் தீவுக்குப் போனேன். கால் மணி நேரத் தூரம். ஆள் சேர்ந்தால்தான் படகோட்டி மோட்டாரைக் கிளப்புகிறார். கட்டைக் கால்கள்மேல் நிற்கும் வீடுகள், மூன்று சக்கர பெச்சா வண்டி, கரையோரக் காப்பிக் கடைகள். எதிரே சிங்கப்பூரின் கட்டடங்கள் எண்ணிவிடும் தொலைவில். கடற்கொள்ளைக்குப் பேர்போன இடம் என்று வெளியூர்ப் பத்திரிகைக்காரர்கள் பலர் எழுதிப் பிரபலமாக்கிய தீவு இது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும் வெயிலில் காயும் கருவாடும்தான். இந்தத் தீவைப் பற்றி எழுதியவர்களில் பாதிப் பேர் காப்பி குடித்துவிட்டு அடுத்த படகில் திரும்பியிருப்பார்கள் என்று தோன்றியது. நானும் அப்படித்தான் திரும்பினேன்.

காப்பிக் கடையில் ஒரு முன்னாள் படகோட்டி. என் அரைகுறை மலாய் அவருக்குப் போதுமாக இருந்தது. "ஐயா, என் அப்பா காலத்தில் இங்கே அரிசி வாங்கியது ரூபியாவில் இல்லை, டாலரில்" என்றார். உண்மைதான். 1963 வரை ரியாவ் தீவுகளில் புழங்கியது மலாயா டாலர். அந்த ஆண்டு சுகர்ணோவின் இந்தோனேசியா, மலேசியா என்ற புதிய நாட்டை ஏற்க மறுத்து மோதலில் இறங்கியது; டாலருக்கும் தடை வந்தது. அதுவரை எதிர்க்கரை சந்தைக்குப் போகிற இடம். அதற்குப் பிறகு வெளிநாடு.

ராத்திரிப் படகுகளைப் பற்றிக் கேட்டேன். அவர் கைவிரலை மடக்க ஆரம்பித்தார். கடற்படை, நீர்ப் போலீஸ், சுங்கம், மீன்துறை, துறைமுகத்துறை, பக்காம்லா என்ற கடற்பாதுகாப்பு அமைப்பு. "இத்தனை சீருடை. யாரிடம் போய் எதைச் சொல்வது?" நாட்டுக்கு நாடு ஒத்துழைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு நாட்டுக்குள்ளேயே அலுவலகத்துக்கு அலுவலகம் பேசிக்கொள்கிறார்களா என்பதைச் சீக்கிரம் கடந்து போய்விடுகிறார்கள். 17,000-க்கும் மேற்பட்ட தீவுகள் உள்ள நாட்டுக்கு, தன் மீனைத் திருடுகிறவனைப் பிடிப்பதும் அடுத்தவன் எண்ணெய்க் கப்பலுக்குக் காவல் நிற்பதும் ஒரே அவசரமாக இருக்காது. நீரிணை வழியே போகும் சரக்கில் தனக்கு என்ன பங்கு என்று ஜகார்த்தா கேட்பதை நான் குறை சொல்ல மாட்டேன்.

சிங்கப்பூர் திரும்பியதும் ஆர்ச்சர்ட் சாலையில் மெக்டொனால்ட் ஹவுஸைப் பார்க்கப் போனேன். செங்கல் கட்டடம், 1949-இல் கட்டியது. அந்த மோதல் நடந்துகொண்டிருந்த 1965 மார்ச் 10 அன்று இங்கே குண்டு வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். வைத்தவர்கள் உஸ்மான், ஹாருன் என்ற இரண்டு இந்தோனேசியக் கடற்படை வீரர்கள். 1968 அக்டோபரில் சிங்கப்பூர் அவர்களைத் தூக்கிலிட்டது. ஜகார்த்தாவில் சிங்கப்பூர் தூதரகத்தைக் கூட்டம் சூறையாடியது. சிங்கப்பூருக்கு அவர்கள் குண்டு வைத்த கொலைகாரர்கள். இந்தோனேசியாவுக்கு வீரத் தியாகிகள். 1973-இல் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூ ஜகார்த்தா போய்க் காலிபாத்தா கல்லறையில் அந்த இருவரின் சமாதியிலும் மலர் தூவிய பிறகுதான் இரு நாட்டு உறவு நேரானது.

விஷயம் அதோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, 2014-இல் இந்தோனேசியா தன் புதிய போர்க்கப்பல் ஒன்றுக்கு உஸ்மான் ஹாருன் என்றே பெயர் வைத்தது. அந்தக் கப்பலை எங்கள் துறைமுகத்துக்குள் விடமாட்டோம், அதோடு சேர்ந்து பயிற்சியும் செய்ய மாட்டோம் என்று சிங்கப்பூர் சொல்லிவிட்டது. அப்போது இரு கடற்படைகளும் பத்தாண்டுகளாக ஒரே நீரிணையில் ரோந்து போய்க்கொண்டிருந்தன, அது நிற்கவில்லை. அடுத்த ஆண்டு, கட்டடத்துக்கு எதிரே தோபி காட் பசும்புல்லில் மோதலில் இறந்தவர்களுக்குச் சிங்கப்பூர் நினைவுச் சின்னம் எழுப்பியது. நான் போன அன்று அதன் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பிலிப்பைன்ஸ் பெண்கள் மதியச் சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பழைய பகை ஆறுவதற்குள் இந்த நாடுகள் ஒன்றாக உட்கார்ந்தது எப்படி என்பதில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரருக்குப் பங்கு உண்டு. வட்டுக்கோட்டையில் 1915-இல் பிறந்து மலாயாவின் சிரம்பானில் வளர்ந்த எஸ். ராஜரத்தினம்தான் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர். மோதல் ஓய்ந்து ஓராண்டில், 1967 ஆகஸ்ட் 8 அன்று, பாங்காக்கில் ஆசியான் பிறந்த ஆவணத்தில் ஐவரில் ஒருவராகக் கையெழுத்திட்டார். ஒருவர் வீட்டு விவகாரத்தில் இன்னொருவர் தலையிடுவதில்லை என்ற வழக்கத்தில்தான் ஆசியான் வளர்ந்தது. அந்த வழக்கம் இல்லாமல் அவர்கள் சேர்ந்திருக்கவே முடியாது. அந்த வழக்கத்தால்தான் ரோந்துப் படகும் கோட்டில் நிற்கிறது. இரண்டையும் பிரிக்க வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்து மலேசியா. ஜோகூர் தரைப்பாலத்தைக் கடக்கும் பேருந்தின் நெரிசலைப் பற்றி எழுதத் தேவையில்லை, போனவர்களுக்குத் தெரியும். பாலத்துக்கு மேற்கே துவாஸ் கடலில் 2018 கடைசியில் மலேசியாவும் சிங்கப்பூரும் மாற்றி மாற்றித் துறைமுக எல்லைகளை நீட்டிக்கொண்டு, ஆளுக்கொரு கப்பலைக் கொண்டுபோய் நிறுத்தின. 2019 பிப்ரவரியில் அங்கே நின்ற மலேசிய அரசுக் கப்பலில் சம்பந்தமே இல்லாத ஒரு கிரேக்கச் சரக்குக் கப்பல் மோதியது. கிழக்கே பெட்ரா பிராங்கா என்ற சிறு பாறைக்கு இரு நாடுகளும் பல ஆண்டு வழக்காடி, 2008-இல் சர்வதேச நீதிமன்றம் பாறையைச் சிங்கப்பூருக்கும் பக்கத்துப் பாறையை மலேசியாவுக்கும் கொடுத்தது. மலேசியாவும் இந்தோனேசியாவும் சண்டையிட்ட கதை இன்னும் காரமானது. 2010 ஆகஸ்டில் பிந்தான் அருகே இந்தோனேசிய மீன்துறை அதிகாரிகள் மலேசிய மீனவர் ஏழு பேரைப் பிடித்தார்கள். மலேசியப் போலீஸ் வந்து அந்த அதிகாரிகளில் மூவரையே பிடித்துக்கொண்டு போனது. ராமேஸ்வரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிடிபட்டவர் மீனவராக இல்லாமல் அதிகாரியாக இருந்ததுதான் புதுசு.

மலாக்காவில் பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயிலையும் மலாய் பேசுகிற செட்டிச் சமூகத்தாரின் தெருவையும் பார்த்துவிட்டுக் கடற்கரைக்கு வந்தேன். நீரிணை இங்கே அகலம். கப்பல்கள் அடிவானத்தில் சின்னச் சின்னதாக நகர்ந்துகொண்டிருந்தன. கரையிலிருந்து பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிகிறது.

இந்த நாடுகள் கடைசியில் சேர்ந்தது ஒருவரையொருவர் நம்பி அல்ல என்பது என் எண்ணம். 1971 நவம்பரில் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் கூட்டாக அறிக்கை விட்டன. இது சர்வதேச நீரிணை அல்ல என்று முதல் இரு நாடுகளும் சொல்ல, சிங்கப்பூர் அந்த நிலைப்பாட்டைக் கவனத்தில் கொள்வதாக மட்டும் சொன்னது. துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் நாடு வேறு எப்படிச் சொல்லும்? அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகள் மூவரும் சேர்ந்து ரோந்து போகவில்லை; போனதெல்லாம் இரண்டிரண்டு நாடுகளாகத்தான். 2004 மார்ச்சில் அமெரிக்காவின் பசிபிக் கட்டளைத் தலைவர் அட்மிரல் தாமஸ் ஃபார்கோ, இந்த நீரிணையின் பாதுகாப்புக்கு ஒரு புதிய திட்டம் வைத்திருப்பதாக நாடாளுமன்றக் குழுவிடம் பேசினார். அமெரிக்க மரீன்கள் விரைவுப் படகுகளில் வரப் போகிறார்கள் என்று செய்தி பரவியது. கோலாலம்பூரும் ஜகார்த்தாவும் கொதித்தன. அதே ஆண்டு ஜூலையில் மூன்று கடற்படைகளும் சேர்ந்து ரோந்தைத் தொடங்கிவிட்டன. முப்பது ஆண்டில் முடியாதது நான்கு மாதத்தில் முடிந்தது.

அடுத்த அடி லண்டனிலிருந்து வந்தது. 2005 ஜூனில் லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தையின் போர் அபாயக் குழு மலாக்கா நீரிணையை ஆபத்துப் பட்டியலில் சேர்த்தது. ஈராக்கோடு ஒரே பட்டியல்! கப்பல் முதலாளிகள் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டிய நிலை. செப்டம்பரிலேயே வான்கண்காணிப்புத் திட்டம் ஒன்று வந்தது. இதில் மட்டும் ஒரு தளர்வு கிடைத்தது. ஒரு நாட்டு விமானம் இன்னொரு நாட்டின் கரைக்கு மூன்று கடல் மைல் வரை வந்து பார்க்கலாம். விமானத்தில் மற்ற நாட்டு அதிகாரிகளும் உட்கார்ந்திருப்பார்கள். வானத்திலிருந்து பார்க்கலாம், கடலில் துரத்தக் கூடாது. 2006-இல் ரோந்து விதிமுறைகள் எழுத்தில் வந்தன, ஆகஸ்டில் லாய்ட்ஸ் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தது, 2008-இல் தாய்லாந்தும் சேர்ந்தது. இதற்கு நடுவில் 2004 டிசம்பர் சுனாமியும் 2005-இல் சுமத்ராவின் ஆச்சேயில் ஏற்பட்ட அமைதி ஒப்பந்தமும் கொள்ளையைக் குறைத்தன என்பதை ரோந்தின் பெருமை பேசுகிறவர்கள் மெதுவான குரலில்தான் சொல்வார்கள்.

செய்தியைப் பகிர்வதிலும் இதே கதை. கப்பல் கொள்ளை பற்றித் தகவல் சேகரிக்கும் சர்வதேச வர்த்தக சபையின் மையம் 1992 முதல் கோலாலம்பூரில் இருக்கிறது. ஜப்பான் முன்னெடுத்து 2006-இல் அமலுக்கு வந்த ரீகாப் ஒப்பந்தத்தின் தகவல் மையம் சிங்கப்பூரில் இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் அதில் உறுப்பினர். நீரிணையின் இரு கரைகளையும் வைத்திருக்கும் மலேசியாவும் இந்தோனேசியாவும் உறுப்பினர் இல்லை. பக்கத்து வீட்டில் வைத்த பேரேட்டில் என் வீட்டுத் திருட்டைப் பதிவு செய்வதா என்ற கூச்சம் இதில் உண்டு. சாங்கியில் 2009-இல் சிங்கப்பூர்க் கடற்படை திறந்த இன்னொரு மையத்தில் பல நாட்டு அதிகாரிகள் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்காருகிறார்கள். உறுப்பினர் கையெழுத்து இல்லாமல் ஆளை மட்டும் அனுப்புவது எல்லோருக்கும் எளிதாக இருக்கிறது.

பிடித்த பிறகும் சிக்கல் உண்டு என்பதற்கு நம் நாடே சாட்சி. 1999 அக்டோபரில் சுமத்ராவின் குவாலா தஞ்சோங்கிலிருந்து அலுமினியக் கட்டிகளோடு கிளம்பிய அலோண்ட்ரா ரெயின்போ என்ற ஜப்பானியக் கப்பலைக் கொள்ளையர் கைப்பற்றினார்கள். மாலுமிகளை ரப்பர் தெப்பத்தில் விட்டுவிட்டார்கள். தாய்லாந்து மீனவர்கள் காப்பாற்றினார்கள். கோலாலம்பூர் மையம் எல்லாத் திசைக்கும் செய்தி அனுப்ப, பெயரை மெகா ராமா என்று மாற்றிக்கொண்டு அரபிக் கடலில் போன கப்பலை இந்தியக் கடலோரக் காவல்படையும் கடற்படையும் மடக்கின. மும்பையில் வழக்கு, 2003-இல் தண்டனை. 2005-இல் உயர் நீதிமன்றத்தில் எல்லோரும் விடுதலை. கடற்கொள்ளைக்கென்று அப்போது நம்மிடம் தனிச் சட்டமே இருக்கவில்லை. 2022-இல்தான் அது வந்தது.

வடக்கே போய்க் கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்கைப் பார்த்தேன். கடாரம். மெர்போக் அருங்காட்சியகத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம், பெரியவர் பேரனிடம், "நம்ம ராஜேந்திர சோழன் 1025-லேயே கப்பல் படையோட வந்து இதை ஜெயிச்சான் தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேரனுக்குப் பெருமை தாளவில்லை. நமக்கு அது மெய்க்கீர்த்தி. இந்தக் கரையில் உள்ளவர்களுக்கு, மேற்கேயிருந்து ஒரு பெரிய கடற்படை திடீரென்று வந்து நின்ற நினைவு. இந்தியா நீரிணை ரோந்தில் சேர விரும்புவதைப் பேசும்போது நம் டிவி விவாதங்களில் சோழர் கொடி பறப்பதைக் குறைத்துக்கொண்டால் நல்லது.

அந்த விருப்பம் இப்போது எழுத்திலேயே இருக்கிறது. 2025 செப்டம்பரில் சிங்கப்பூர்ப் பிரதமர் லாரன்ஸ் வோங் டெல்லி வந்தபோது வெளியான கூட்டறிக்கையில், மலாக்கா ரோந்தில் இந்தியா காட்டும் ஆர்வத்தைப் பாராட்டோடு ஏற்றுக் குறிப்பிடுவதாகச் சிங்கப்பூர் சொன்னது. சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லவில்லை. சொல்வது அதன் கையிலும் இல்லை. இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து மூன்றும் தலையசைக்க வேண்டும். வாஷிங்டனுக்கு மறுத்ததை டெல்லிக்குக் கொடுத்தால் நாளை பெய்ஜிங் கேட்கும்போது என்ன சொல்வது என்று அவர்கள் யோசிப்பார்கள். 2002 முதலே இந்தியாவும் இந்தோனேசியாவும் நீரிணையின் மேற்கு வாயிலில் ரோந்து போகின்றன; அங்கும் அவரவர் பக்கத்தில்தான்.

பெரிய நிக்கோபாரின் கேம்ப்பெல் விரிகுடாவில் 2012 முதல் நம் கடற்படை விமானதளம் இருக்கிறது. நீரிணைக்குள் நுழையும் கப்பல்களைப் பார்த்துச் செய்தி சொல்ல அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் தூத்துக்குடிக்காரர் சொன்ன கொக்கிக் கம்பு வேலை நடப்பது அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, பிலிப் கால்வாயில். 2025-இன் முதல் பாதியில் அங்கே திருட்டுகள் முந்தைய ஆண்டைவிடப் பல மடங்கு பெருகின. ஜூலையில் இந்தோனேசியப் போலீஸ் ரியாவ் தீவுகளில் சில கும்பல்களைப் பிடித்த பிறகு எண்ணிக்கை இறங்கியது. எந்த நாட்டுப் போர்க்கப்பலும் கோட்டைத் தாண்ட வேண்டியிருக்கவில்லை. திருடனின் வீடு எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கத்துப் போலீஸ்காரர் போனார். அவரை அடுத்த ஆண்டும் போகவைப்பது எது என்பதுதான் நான்கு தலைநகரங்களும் பேச வேண்டியது. அதில் ரோந்துக் கப்பலின் டீசல் செலவைவிடப் பெலாக்காங் பாடாங்கின் கூலி நிலவரம் அதிகம் வரும்.